மொட்டை ஜீப்பின் வளைந்த பம்பர்

போர்க்கிணற்று மோட்டார் தூக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

நான் வேலையை நிறுத்திவிட்டேன். என் கைபேசி நிறுத்தவில்லை. பழைய ஜீப் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பி, "அண்ணே, இது எப்படி, வாங்கலாமா?" என்று ஆளுக்கு ஆள் கேட்கிறீர்கள். அனுப்புகிற படங்களில் ஜீப்பின் முகம் மட்டும்தான் இருக்கிறது. மாடு வாங்கப் போகிறவன் கொம்பை மட்டும் பார்த்துவிட்டு வருவானா? போன வாரம் ஒரு தம்பி குமாரலிங்கபுரம் பொட்டலில் மண்மேட்டின் மேல் ஜீப்பை ஏற்றி நிறுத்தி, விளக்கெல்லாம் எரியவிட்டு, பின்னணியில் பாட்டும் சேர்த்து அனுப்பியிருந்தான். பாட்டுச் சத்தத்தில் எஞ்சின் சத்தம் கேட்கவே இல்லை. விற்கிறவன் அதற்காகத்தான் பாட்டுப் போடச் சொல்லியிருப்பான் என்று பதில் எழுதினேன்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. வீட்டில் கேட்டுப் பாருங்கள், அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பாள். அதனால் மொத்தமாக எழுதுகிறேன். எந்த போல்ட்டை எந்தச் சாவியால் கழற்றுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கே தெரியும். நான் சொல்லப் போவது என் பழைய ஜீப் மொட்டையைப் பற்றி.

கல்யாண வீட்டில் யாராவது என்ன தொழில் என்று கேட்டால், "ஆழ்துளைக் கிணற்றுக்குள் கெட்டுப்போன மோட்டாரை வெளியே எடுத்து, சரிபார்த்து, திரும்ப இறக்குவோம்" என்பேன். "அவ்வளவுதானா?" என்பார்கள். அவர்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்ற அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். ஆரம்பத்தில் போரின் மேல் மூன்று கம்பு நட்டு, சங்கிலி மாட்டி, கைவலிக்க இழுத்தோம். பெரிய ஊர்களிலிருந்து வரும் லாரிகள் தார் ரோட்டோடு நின்றுவிடும். அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழி, நரிக்குடி என்று உள்ளே போகப் போக அத்தனையும் கரிசல். வெயிலில் பாறை, மழையில் கூழ். அந்தக் கூழுக்குள் போய் நிற்க நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் வேண்டும். அதைப் புதிதாக வாங்குகிற வசதி எங்கள் பரம்பரையில் யாருக்கும் இருந்ததில்லை. அப்பா ஊரான் காட்டில் களை வெட்டியவர்.

கையிலிருந்த பணம் என் மனைவி முத்துலட்சுமியுடையது. நூல் மில்லிலிருந்து அவள் நின்றபோது கொடுத்த பணம். அதைப் பையில் வைத்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். வீரசோழனில் இறங்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"இது வீணாப் போச்சுன்னா திரும்ப மில்லுக்கு நான் போகமாட்டேன். நீங்கதான் போகணும்."

வீரசோழனில் காதர் பாய்க்கு விறகும் அடுப்புக்கரியும் வியாபாரம். அவர் கிட்டங்கிக்குப் பின்னால் இரண்டு ஜீப் நின்றன. ஒன்று பச்சை நிறத்தில் மினுமினுப்பாக, தலையில் நாலு விளக்கு, தடித்தடியான டயர்கள் என்று இருந்தது. மலையேற ஆசைப்பட்ட டவுன்காரர் யாரோ அலங்காரம் செய்து, ஆசை தீர்ந்ததும் தள்ளிவிட்டுப் போனது. இன்னொன்று கருவேலங்காட்டுக்குள் கரிச்சூளைகளுக்குப் போய் மூட்டை ஏற்றிவந்த பாயின் சொந்த வண்டி. மேல்கூரை இல்லை, கதவு இல்லை, நிறம் என்னவென்று சொல்ல முடியாது.

"வாங்கண்ணே, ஒண்ணு மாப்பிள்ளை, ஒண்ணு மாப்பிள்ளைத் தோழன். எது வேணும்?" என்றார் பாய்.

"மாப்பிள்ளைக்குப் பவுடரு கொஞ்சம் சாஸ்தியா இருக்கே பாய்" என்றாள் முத்துலட்சுமி.

நான் சட்டையைக் கழற்றிவிட்டுப் பச்சை வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். "என்னண்ணே, சுழி பாக்குறீகளா?" என்று பாய் சிரித்தார். ஒருவகையில் சுழிதான் பார்த்தேன். வண்டியின் அடிச்சட்டம் முழுக்கப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தது. முகத்துக்குப் பெயிண்ட் அடிப்பது அழகுக்காக, சரி. யாரும் பார்க்காத வயிற்றுக்கு எதற்கு? திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். டங் டங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் தொப்பென்று அமுங்கியது. அங்கே இரும்பு துருப்பிடித்துப் போய், பட்டி மாவை அப்பி மேலே பூசி மெழுகியிருந்தார்கள். கரி வண்டிக்கு அடியில் படுத்தால் கண்ணில் கரித்தூள் கொட்டியது, ஆனால் சட்டம் முழுக்க ஒரே சத்தம்.

அத்தோடு நான் திருப்தி அடையவில்லை. கார்த்திகை மழை பெய்து முடிந்த சமயம். "ரெண்டையும் கண்மாய்க்குள்ள எறக்கிப் பாக்கணும் பாய்" என்றேன்.

"தாராளமா எறக்குங்க. ஏறலைன்னா இழுக்குறதும் நீங்கதான்."

தடித்த டயரைப் பார்த்து நீங்கள் மயங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மணலிலும் பாறையிலும் அது நல்லதாகவே இருக்கலாம், நான் அங்கெல்லாம் ஓட்டியதில்லை. நம் கரிசலில் தடித்த டயர் சேற்றை அள்ளி மேலே ஏற்றும். டயருக்கும் மேல்தகட்டுக்கும் இடையில் சேறு அடைத்துக்கொண்டு, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். பச்சை மாப்பிள்ளை கண்மாய் ஓரத்தில் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. எஞ்சின் கத்துகிறது, சக்கரம் அசையவில்லை. குச்சியை வைத்து நோண்டி எடுக்கவேண்டியதாயிற்று. மாப்பிள்ளைத் தோழன் போட்டிருந்தது ஒல்லி டயர். அது சேற்றை அறுத்துக்கொண்டு அடியிலிருக்கும் கெட்டி மண்ணைத் தொட்டுப் போனது. கடைசியில் மாப்பிள்ளையைக் கயிறு கட்டிக் கரையேற்றியதும் தோழன்தான்.

விலை பேசி முடித்து, நான் சாவிக்குக் கையை நீட்டினேன். பாய் கொடுக்காமல் நின்றார்.

"ஒண்ணு சொல்லணும்ணே. முன்பக்கம் இடது ஸ்பிரிங்குக்கு மேல ஒரு வெல்டு இருக்கு. சூளைக் குழியில எறங்கி ஒடிஞ்சுபோச்சு. நான் பக்கத்துல நின்னு வைக்கச் சொன்ன வெல்டு, கெட்டியாத்தான் இருக்கு. நீங்க படுத்துப் பாத்தும் அதைப் பாக்கல. சொல்லாம வித்தேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது."

குறையே இல்லாத பழைய வண்டி உலகத்தில் கிடையாது. அதை விற்கிறவன் வாயாலேயே சொல்கிற இடம் கிடைத்தால் அங்கே வாங்குங்கள். பாய் அதைச் சொன்ன பிறகு மற்ற எதையும் நான் கேட்கவில்லை. இன்றைக்கும் வீரசோழன் பக்கம் போனால் அவர் கடையில் டீ குடிக்காமல் வந்ததில்லை.

வாங்குவது பாதி வேலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழைய ஜீப்பை மாற்றிக் கட்டுகிறவனுக்காகவே யாரோ சொல்லிவைத்தது. அருப்புக்கோட்டையில் ஒரு லேத் பட்டறையில் மொட்டையை நிறுத்தினோம். கூரை இல்லாததால் மொட்டை என்று பட்டறையில்தான் பெயர் வைத்தார்கள். பின்பக்கம் இரண்டு இரும்புத் தூண், உச்சியில் கப்பி, தூண்களுக்குக் கீழே தரையில் ஊன்ற இரண்டு முட்டுக்கால். நடுவில் கயிறு சுற்றுகிற விஞ்சு உருளை. அது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும், பிரேக் பிடித்தால் நிற்கும். ஒரு வேலையில் என்னென்ன மாற்றினோம் என்பதை விட எதை விட்டுவிட்டோம் என்பதை நீங்கள் கேட்கவேண்டும். கூரை போடவில்லை. சீட்டுக்கு உறை போடவில்லை. கண்ணாடிக்குப் பதில் இரண்டு மாதம் கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்லலாம், அவ்வளவு தூசி.

எல்லாம் முடிந்து கடைசியாகக் கொஞ்சம் பணம் மிச்சமிருந்தது. பெயிண்ட் அடித்து, முகப்பில் குலசாமி பெயர் எழுதலாம். இல்லையென்றால் உருளையில் பல்சக்கரமும் அதைத் தடுத்து நிறுத்துகிற ஒரு கொக்கியும் வைக்கலாம். பிரேக் வழுக்கிவிட்டால்கூடக் கொக்கி பல்லில் விழுந்து உருளையை நிறுத்திவிடும். இரண்டுக்கும் காணாது. பட்டறைக்காரர் கேட்டார், "பெயிண்டா, பல்லா?"

"சாமி பேரு எழுதாம வண்டிய வெளிய எடுப்பாகளா?" என்று நான் முத்துலட்சுமியைப் பார்த்தேன்.

"சாமி கோவிச்சுக்கிராது. கயிறு கோவிச்சுக்கிரும்" என்றாள்.

பல் வைத்தோம். அடிப்பூச்சுச் செங்காவி மட்டும் அடித்த தகரமாகவே மொட்டை ரொம்ப நாள் ஓடியது. திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினால், "என்னப்பா, பாதியில விட்டுட்டானுகளா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். உருளையின் கைப்பிடியில் முத்துலட்சுமி நின்றாள். மில்லில் நூல் அறுவதற்கு முன்னால் சத்தம் மாறுமாம், அந்தக் காது கயிற்றுக்கும் பழகிவிட்டது. பொம்பளை விஞ்சு பிடிப்பதை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அடுத்த தடவை தங்கள் போருக்கும் எங்களையே கூப்பிட்டார்கள்.

இனிமேல் சொல்லப் போவதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

நரிக்குடிக்குத் தெற்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம். ஊரைச் சுற்றிப் போட்ட போர் எல்லாம் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஒரே ஒரு போரில் மட்டும் நல்ல தண்ணீர். அந்த மோட்டார் பங்குனியில் நின்றுபோனது. அம்மனுக்குப் பொங்கல் சாட்டிவிட்டார்கள், விருந்தாளிகள் வரப் போகிற நேரம். இரண்டு செட் ஆட்கள் வந்து பார்த்து, குழாய் உள்ளே மாட்டிக்கொண்டது, கழற்ற முடியாது என்று போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

ஊராட்சித் தலைவி பஞ்சவர்ணம் போர் பக்கத்திலேயே நின்றார். "அண்ணே, மோட்டாரு போனா வேற வாங்கிக்கிருவோம். குழாய் அத்து மோட்டாரு உள்ள விழுந்துச்சுன்னா போரே போச்சு. நல்ல தண்ணிக்கு இந்த ஊருல வேற எடமே இல்ல. பாத்து இழுங்க."

பொறுப்பை இவ்வளவு தெளிவாக யாரும் என் கையில் கொடுத்ததில்லை. நான் மொட்டையின் பின்பக்கத்தைப் போருக்கு நேராக நிறுத்தி முட்டுக்கால் ஊன்றினேன். வெயிலில் வெடித்துக் கிடந்த கரிசல் சிமெண்டு போல இருந்தது. ஜீப்புக்கு முன்னால், சற்று இடதுபுறமாக, குழாயடியில், துணி துவைக்கிற பெரிய கல் ஒன்று கிடந்தது. அதை அகற்ற முடியாது, மண்ணில் பாதி புதைந்தது. அதைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டேன்.

முதல் சில குழாய்கள் ஒழுங்காக வந்தன. நம் தொழிலில் உங்களுக்குத் தெரியும், மேலே வருகிற ஒவ்வொரு குழாயும் தண்ணீர் நிறைந்து வரும். கழற்றினால் அத்தனையும் தரையில் கொட்டும். செம்மண்ணாக இருந்தால் குடித்துவிடும். கரிசல் குடிக்காது, வழுக்கும். அந்தத் தண்ணீர் முட்டுக்கால் பக்கம் போய்க்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், வாய்க்கால் வெட்டிவிடச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துக் குழாய் மாட்டிக்கொண்டது. கயிறு விறைத்தது. முட்டுக்கால்கள் சேற்றில் இறங்கின. பின்பக்கம் தாழ, மொட்டையின் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. டிராக்டர் பாரம் தாங்காமல் மூக்கைத் தூக்கினால் நாலு பேர் ஓடிப்போய் முன்னால் ஏறி உட்காருவார்கள். நானும் சின்ன வயதில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாகவே வரும். அன்றைக்கும் அப்படித்தான். "ஏலே, ஏறுங்கடா!" என்று ஒரு குரல். கண்மூடித் திறப்பதற்குள் ஊர் இளவட்டங்கள் பம்பர் மேல் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பேர் பானட்டில் குந்தினார்கள். முன்சக்கரம் தரைக்கு வந்தது. கூட்டம் கைதட்டியது.

"இழுங்கண்ணே! நாங்க இருக்கோம்!" என்று கத்தினான், முதலில் ஏறியவன். பெயர் சேது. நல்ல உடம்பு, நல்ல தொண்டை.

இழுத்திருக்கலாம். இழுத்திருந்தால் குழாய் வந்தும் இருக்கலாம். நீங்கள் அந்த இடத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஊரே இழு என்கிறது. வண்டியும் சமநிலைக்கு வந்துவிட்டது. நான் பார்த்தது அவர்கள் கால்களை. பம்பருக்கும் துவைகல்லுக்கும் நடுவில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்த கால்கள். மாட்டிக்கொண்ட குழாய் எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. விட்ட அந்த நொடியில் பாரம் போய்விடும், இழுவையில் மறுபடி தூக்கி நிற்கப் போகிற முன்பக்கம் பொத்தென்று விழும், வழுக்குகிற தரையில் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது.

முத்துலட்சுமியிடம் கையைக் காட்டினேன். அவள் கயிற்றைத் தளர்த்த, குழாயைப் பிடித்திருந்த இரும்புப் பட்டையைப் போரின் வாயில் உட்காரவைத்தேன். எஞ்சினை அணைத்தேன்.

"எல்லாரும் எறங்குங்க."

"எதுக்குண்ணே? சரியாத்தான நிக்கிது?"

"எறங்குங்கன்னு சொன்னேன்."

சேது இறங்கவில்லை. "எங்க ஊரு தண்ணி. நாங்க ஏறுறோம். உங்களுக்கு என்னண்ணே நட்டம்?"

நியாயமான கேள்வி மாதிரிதான் இருந்தது. கூட்டத்தில் ஒருவர், "பயந்த ஆளெல்லாம் எதுக்கு வாரீக?" என்றார். இன்னொருவர் அந்தப் பழைய இரண்டு செட் ஆட்களே பரவாயில்லை என்றார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. சாவியை எடுத்து முத்துலட்சுமியிடம் கொடுத்தேன். அவள் அதை இடுப்பில் செருகி முந்தானையை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தச் சாவியை யார் கேட்பார்கள்?

பஞ்சவர்ணம் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, இந்தப் போரு மணல் தள்ளுற போரு. நிப்பாட்டுனா மணலு மோட்டாரைச் சுத்தி எறங்கிக்கிரும். அப்புறம் அசையாது. முன்னால வந்தவுக அதைத்தான் சொன்னாக."

அது எனக்கும் தெரியும். நிறுத்தி வைக்கிற ஒவ்வொரு நிமிஷமும் போருக்கு ஆபத்து. நிறுத்தாமல் இழுத்தால் பையன்களுக்கு ஆபத்து. போர் போனால் ஊர் என்னைத் திட்டும், காலத்துக்கும் திட்டும், திட்டட்டும். கால் போனால் திட்டுவதற்குக்கூட யாருக்கும் வாய் வராது.

"தாயி, மணலு எறங்குனா எறங்கட்டும். ஆளை எடைக்கல்லா வச்சு நான் இழுக்கமாட்டேன். எடை வேணும், ஆளு வேணாம். ஊருல உரச்சாக்கு இருக்குமா?"

பஞ்சவர்ணம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திரும்பி, நூறு நாள் வேலையிலிருந்து மண்வெட்டியும் சட்டியுமாக அப்போதுதான் வந்து நின்ற பெண்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஏத்தா, வீட்டுக்கு ரெண்டு சாக்கு எடுத்தாங்க! வெரசா!"

அந்த வேகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெண்கள் மண்ணை வெட்டிப் போட்டார்கள், ஆண்கள் சாக்கைப் பிடித்தார்கள். இரண்டு பேர் கொட்டிய தண்ணீரை வாய்க்கால் வெட்டி அந்தப் பக்கம் திருப்பினார்கள். கருவேலங்கொப்பு வெட்டிப்போட்டு, அதன்மேல் பனந்துண்டு இரண்டைக் கிடத்தி முட்டுக்காலை அதன்மேல் ஊன்றினேன். சேது முறைத்துக்கொண்டே மூட்டை சுமந்தான். ஒவ்வொரு மூட்டையையும் கோபமாகத்தான் போட்டான், ஆனால் மற்றவர்களை விட அதிகம் போட்டான். பம்பரில் இரண்டடுக்கு, பானட்டில் ஓரடுக்கு, கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். எல்லாரையும் வேலி ஓரம் வரைக்கும் தள்ளி நிற்கச் சொன்னேன். முத்துலட்சுமி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

எஞ்சின் முனகியது. கயிறு விறைத்தது. குழாய் அசையவில்லை. மணல் இறங்கிவிட்டது, நம்மால் போர் போச்சு என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். மூட்டைகளோடு சேர்ந்து முன்பக்கம் மெதுவாக எழும்பியது.

"சத்தம் மாறுது!" என்று முத்துலட்சுமி கத்தினாள். "ஏங்க, விடப் போகுது!"

விட்டது. உள்ளே எங்கேயோ படாரென்று ஒரு ஓசை. மொட்டையின் முன்பக்கம் இடதுபுறமாக வழுக்கிக்கொண்டு போய்த் துவைகல் மேல் விழுந்தது. மேலே துள்ளிய குழாய் மொத்தப் பாரத்தோடும் திரும்பக் கீழே விழுந்து கயிற்றை வெட்டி இழுத்தது. பிரேக் வழுக்கியது. உருளை ஒரு சுற்றுக்கூடச் சுற்றியிருக்காது, 'ணங்' என்று கொக்கி பல்லில் விழுந்தது. அந்தச் சத்தத்தைப் போல ஒரு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. குழாய் நின்றது. கயிறு நின்றது.

முன்னால் ஓடிப்போய்ப் பார்த்தேன். பம்பர் நடுவில் வளைந்து துவைகல்லைக் கவ்விக்கொண்டிருந்தது. அதில் கட்டியிருந்த மூட்டைகள் கல்லுக்கும் இரும்புக்கும் நடுவில் நசுங்கிக் கிழிந்து, மண் இரண்டு பக்கமும் பிதுங்கி வழிந்திருந்தது. பையன்களின் தாய்மார்களும் அங்கேதான் நின்றார்கள். அதில் ஒரு அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சேது வந்தான். குனிந்து கிழிந்த சாக்கு ஒன்றை உருவினான், வரவில்லை. மறுபடி உருவினான். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு, தன் இரண்டு காலையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

மற்றக் குழாய்களும் மோட்டாரும் பிறகு வம்பு பண்ணாமல் வந்தன. குழாய் மாட்டிக்கொண்டதற்குக் கேபிள் சுருண்டு அதோடு இறுகியிருந்ததுதான் காரணம். மோட்டாரைச் சரிசெய்து, மறுபடி இறக்கி, பொங்கலுக்கு முன்னால் தண்ணீர் விட்டோம். முதலில் கலங்கலாக வந்து, பிறகு தெளிந்தது. பஞ்சவர்ணம் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "இனிக்கிதுண்ணே" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் வந்தது, நான் முகம் கழுவிக்கொண்டேன்.

பொங்கலுக்கு எங்களை அழைத்து மாலை போட்டார்கள். மொட்டைக்கும் போட்டார்கள். ஊர்ச் செலவில் பம்பரை நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, சாமி பெயர் எழுதித் தருகிறோம் என்றார்கள். பெயிண்டுக்கும் சாமி பெயருக்கும் சரி என்றேன். பம்பரைத் தொடவேண்டாம் என்றேன். எனக்கு அதில் பெருமை, தம்பிகளே. இத்தனை வருடத்தில் எத்தனையோ மோட்டார் தூக்கினேன், ஒரு போரைக்கூடக் கெடுத்ததில்லை. என் வண்டியைச் சுற்றி நின்ற ஒரு ஆளுக்கும் காயம் பட்டதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள நான் கூச்சப்படமாட்டேன். கூச்சப்படுகிற அளவுக்கு நான் நல்லவனும் இல்லை.

அதனால் ஜீப் படம் அனுப்புகிறவர்களுக்கு இதுதான் பதில். அடியில் படுத்துப் பாருங்கள். சேற்றில் இறக்கிப் பாருங்கள். கையில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் பெயிண்டை விட்டுவிட்டுப் பல் வையுங்கள். மாற்றிக் கட்டியதை முறையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், போகிற வழியில் போலீஸோடு வாக்குவாதம் பண்ணவேண்டியிருக்காது. மிச்சத்தை அந்தந்த நாளில், ஊரே இழு என்று கத்தும்போது, நீங்கள்தான் முடிவெடுக்கவேண்டும். அதற்கு எந்த ஜீப்பும் உதவாது.

போன மாதம் மொட்டையையும் விற்றுவிட்டேன். வாங்க வந்தவனை உங்களுக்குத் தெரியும், உங்கள் கூட்டத்தில் இப்போது அவனும் ஒருவன். அந்தத் துவைகல் நாளுக்குப் பிறகு இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தான் என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. மொட்டைக்கு அடியில் படுத்து எழுந்து, முதுகில் மண்ணோடு வந்து நின்றான். காதர் பாய் நினைவுக்கு வந்தார். நானே ஆரம்பித்தேன்.

"இடது ஸ்பிரிங்குக்கு மேல ஒரு வெல்டு இருக்கு, பாத்துக்கோ. கிளட்சு கொஞ்சம் கடிக்கும். பம்பரு வளைஞ்சிருக்கு. அது மட்டும்தான் கண்ணுக்கு அசிங்கமா இருக்கும். பட்டறையில குடுத்தா அரைநாளு வேலை, நிமித்திக்கிரலாம்."

சேது குனிந்து அந்த வளைவைக் கையால் தடவிப் பார்த்தான்.

"அது அப்படியே கெடக்கட்டும்ணே. எவனாச்சும் ஏறுறேன்னு வந்தா, நான் எதைக் காட்டுவேன்?"